புதுப்பிப்பு: வயர்கார்ட் இணைந்தும் சில தளங்கள் திறக்காத சிக்கல் தீர்ந்தது

லினக்ஸ் சர்வரில் வயர்கார்ட் விபிஎன் அமைத்தேன், ஹேண்ட்ஷேக் (இரு முனைகளின் முதல் அறிமுகம்) நடக்கிறது, பிங் (சிறு சோதனை பாக்கெட்) போகிறது, ஆனால் பல தளங்கள் பாதியிலேயே நிற்கின்றன என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஃபயர்வால் விதிகளையும் மாஸ்கரேடையும் (விபிஎன் பாக்கெட்டுகளைச் சர்வரின் முகவரியில் வெளியே அனுப்பும் விதி) முதலில் சரிபார்த்தேன். அவற்றில் தவறில்லை. எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவை, குறைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது.

என் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல்லுடன் இணையும் பிராட்பேண்ட் முறை) என்பதால் அதன் எம்டியு 1500 இல்லை, 1492. சர்வரை ஐபிவி6 வழியாக அடைகிறேன். அப்போது வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 80 பைட் கூட்டுகிறது. மீதி 1412. டனலோ (வயர்கார்ட் அமைக்கும் பாதை) இயல்பாக 1420-இல் இருந்தது. வெறும் 8 பைட் அதிகம்! பிங் பாக்கெட் சிறியது, அதனால் தப்பியது. பெரியவை வழியில் தொலைந்தன. இரு முனையிலும் வயர்கார்ட் கான்ஃபிக் கோப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியுவை 1412 என்று எழுதி டனலை மறுபடி ஏற்றியதும் எல்லாம் திறந்தன.

அப்புறம் எதிர்பாராத ஒன்று. சர்வரை ரீபூட் செய்ததும் இணையம் மொத்தமாக நின்றது. ஐபி ஃபார்வர்டிங்கை (பிறருக்கான பாக்கெட்டுகளைச் சர்வர் கடத்திவிடும் வசதி) சிஸ்சிடிஎல் (sysctl) கட்டளையால் தற்காலிகமாக மட்டுமே இயக்கியிருந்தேன். அதன் கான்ஃபிக் கோப்பில் எழுதிய பிறகு இரண்டு முறை ரீபூட் செய்தும் சரியாகவே ஓடுகிறது.