மைதானத்தில் நடந்ததும் மறுநாள் செய்தியில் வந்ததும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கால்பந்து மைதானத்தில் அடிதடி, தடியடி, நெரிசல் என்று எதிலாவது நேரில் மாட்டியவர்கள் இங்கே எழுதுங்கள். என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல், மறுநாள் பத்திரிகையிலும் டிவியிலும் அதைப் பற்றி என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு டெர்பி ஆட்டம், அதாவது ஒரே ஊரின் இரண்டு பரம எதிரி அணிகள் மோதும் ஆட்டம். எங்கள் கேலரிக்கு இரண்டு வாசல், அன்று ஒன்றை மட்டும்தான் திறந்திருந்தார்கள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நின்றோம், ஆனால் வரிசை நகரவே இல்லை. உள்ளே ஆட்டம் தொடங்கி முதல் ஆரவாரம் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய ஆரம்பித்தார்கள். அதே நேரம் வரிசையின் கடைசியில் கூட்டம் அதிகமாகிறது என்று போலீஸ் லத்தியை எடுத்துவிட்டார்கள். அடிக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு ஓட இருந்த ஒரே இடம் முன்பக்கம், அங்கே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

நெரிசல் என்றால் கீழே விழுந்து மிதிபடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நின்றபடியேயும் மூச்சு நின்றுபோகும். நெஞ்சு விரிய இடம் இருக்காது, அதனால் விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியாது. கை கீழே மாட்டிக்கொண்டால் மேலே தூக்க முடியாது, கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. என் பக்கத்தில் நின்றவர் தன் மகனைத் தலைக்கு மேல் தூக்கி, வேலியின் மேல் உட்கார்ந்திருந்த பையன்களிடம் கொடுத்தார். அந்தப் பையன்கள் வேலியில் ஏறியதே கீழே இருப்பவர்களை மேலே இழுக்கத்தான். என்னையும் அவர்கள்தான் இழுத்தார்கள்.

அன்று இரவு டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது அந்த வேலிக் காட்சிதான். டிக்கெட் இல்லாத ரசிகர்கள் வேலி ஏறி உள்ளே புகுந்தார்கள் என்று கீழே ஒரு வரி ஓடியது. சிறுவனைத் தூக்கிக் கொடுத்த பகுதியைக் காட்டவில்லை, பூட்டிக் கிடந்த வாசலையும் காட்டவில்லை. மறுநாள் பத்திரிகையிலும் போலீஸ் சொன்னது மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில் நின்ற ஒருவரிடமாவது என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம் இல்லையா?

ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம், லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் தாங்காமல் போனபோது பெரிய வாசலைத் திறக்கச் சொன்னதே அன்று பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டுதான். வந்தவர்களை ஓரத்துப் பகுதிகளுக்குத் திருப்பிவிட யாரும் இல்லாததால் எல்லோரும் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் ரசிகர்கள்தான் வாசலை உடைத்தார்கள் என்று கால்பந்து சங்க அதிகாரிகளிடம் அவர் அங்கேயே சொல்லிவிட்டார். அந்தப் பொய் அன்றைக்கே உலகம் முழுக்கச் செய்தியாகப் போனது. நான்கு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை 'உண்மை' என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், உதவிக்கு வந்த போலீஸார் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. போலீஸ் கூட்டத்தைக் கையாளத் தவறியதே முக்கியக் காரணம் என்று விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் அதே வருஷம் ஆகஸ்டில் சொல்லிவிட்டார், ஆனாலும் மக்கள் மனதில் பதிந்துபோனது முதலில் வந்த கதைதான். 164 போலீஸ் வாக்குமூலங்களில் கைவைத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று விசாரணைக் குழு வெளியிட 2012 வரை ஆனது. ரசிகர்கள் மேல் தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி தீர்ப்புச் சொல்ல 2016 ஆகிவிட்டது. இறந்தவர்கள் 97 பேர். 27 வருஷம் அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகளை இழந்த துக்கத்தோடு, அந்தப் பிள்ளைகள் ரவுடிகள் இல்லை என்று நிரூபிக்கவும் அலைந்தார்கள்.

* * *

நண்பரே, கூட்டத்தில் நின்ற ஒருவரிடமாவது கேட்டிருக்கலாமே என்றீர்கள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. செய்தி டெஸ்க்கில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான், இந்த மாதிரி இரவுகளை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தை எழுதப் போகிற நிருபர் பிரஸ் பாக்ஸில், அதாவது நிருபர்களுக்கான தனி இடத்தில், உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து மைதானம் தெரியும், எதிர்ப் பக்கத்து கேலரி தெரியும், தனக்குக் கீழே இருக்கிற வாசலில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவே தெரியாது. கடைசி விசிலுக்கும் பக்கம் அச்சுக்குப் போவதற்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். உயிர்ச்சேதம் என்று தெரிந்த நிமிடமே செய்தி விளையாட்டுப் பிரிவின் கையைவிட்டுப் போய்விடும், கிரைம் நிருபர் எடுத்துக்கொள்வார். அவருக்கு எந்த கேலரியில் யார் உட்காருவார்கள், எந்த வாசல் வழக்கமாகத் திறந்திருக்கும் என்பதெல்லாம் தெரியாது. அவர் கையில் இருப்பது போலீஸ் அதிகாரிகளின் நம்பர். அவர் முதலில் கூப்பிடுகிற ஆள்தான் அன்றைய செய்தியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லத்தியைச் சுழற்றச் சொன்னவரே அந்த ஆளாக இருந்தால், அதில் லத்தி எப்படி வரும்?

அப்புறம் படம். சட்டையைக் கழற்றிவிட்டு ஃப்ளேர் என்கிற புகை கக்கும் தீக்குச்சியைப் பிடித்துக் கத்துகிற பையனின் படம் கண்ணை இழுக்கும். பூட்டிய வாசலை யார் படம் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்? ஆக அந்தப் பையன்தான் முதல் பக்கத்துக்குப் போவான், நடந்த சம்பவத்தோடு அவனுக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும். கூட்டத்தில் இருந்தவர்கள் பேசத் தொடங்குவது இரண்டு மூன்று நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு. அதற்குள் செய்தி உள்பக்கத்துக்குப் போயிருக்கும்.

கஞ்சுருஹான் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மாலாங். அரெமா அணி தன் சொந்த மைதானத்தில் பெர்செபயாவிடம் 3-2 என்று தோற்றது. அரெமா ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள், அது உண்மை. போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை மைதானத்தோடு விடாமல், கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் மீதும் சுட்டார்கள். எல்லோரும் குறுகலான வாசல்களுக்கு ஓட, 135 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையைக் கொண்டுவரவே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. ஆனால் அன்றிரவு போலீஸ் சொன்னது, ரசிகர்கள் அராஜகம் செய்தார்கள், அதனால் புகைக்குண்டு போட்டோம் என்பது. பல நாட்டு ஊடகங்கள் முதலில் அதை ரசிகர் கலவரமாகத்தான் போட்டன. பெர்செபயா ரசிகர்களுக்கு அன்று டிக்கெட்டே கொடுக்கவில்லை, மோதிக்கொள்ள எதிர்த் தரப்பு என்று யாருமே கேலரியில் இல்லை! அங்கே கதை சீக்கிரம் மாறியதற்குப் பெரிய காரணம் கேலரியில் இருந்தவர்களின் போன்கள். புகைக்குண்டு கேலரியில் வந்து விழுவதை அவர்கள் படம் எடுத்திருக்காவிட்டால் அங்கேயும் பல வருஷம் ஆகியிருக்கும்.

* * *

நீங்கள் இருவரும் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் பேச வேண்டும். எல்லாமே போலீஸ் தவறு, பூட்டிய வாசல் என்று முடித்துவிட்டால் நான் பார்த்ததை எங்கே வைப்பது?

ஆட்டம் முடிந்து தம்பியோடு வெளியே வந்துகொண்டிருந்தேன். அவன் போட்டிருந்தது எங்கள் அணியின் ஜெர்சி, வெறும் ஜெர்சிதான், ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்த கும்பல் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கல்லோடு வந்தது. ஆட்டத்தைப் பார்த்துக் கோபப்பட்டு வந்தவர்கள் மாதிரி இல்லை, கல்லை முன்னாலேயே பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். தம்பிக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. என்னை விட்டுவிட்டார்கள், ஆனால் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு அம்மா அவனை மைதானத்துக்கு விடவே இல்லை.

இதைப் பற்றிச் செய்தியில் வந்தது 'இரு தரப்பு ரசிகர்கள் மோதல்' என்று இரண்டு வரி. என் தம்பி எந்தத் தரப்பு? அந்தக் கும்பல் எது, யார் தலைமை, கிளப்பில் யார் அவர்களுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் மைதானத்துக்கு வழக்கமாக வருகிற எல்லோருக்கும் தெரியும், நிருபர்களுக்கும் தெரியும். எழுதினால் நாளைக்கு கிளப்பில் உள்ளே விடமாட்டார்கள், பேட்டி கிடைக்காது. அதனால் ரசிகர்கள் என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். கல் எறிந்தவனும் கல்லடி பட்டவனும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று. டெர்பிக்கு முந்தைய வாரம் முழுக்க பழிதீர்க்கும் போர், ரத்தம் கொதிக்கும் மோதல் என்று ப்ரோமோ போடுவார்கள், பழைய கைகலப்புக் காட்சிகளை இசையோடு வெட்டி ஒட்டி ஓடவிடுவார்கள். அடிதடி நடந்த மறுநாள் அதே சேனலில் அதே ஆள் உட்கார்ந்து வெட்கக்கேடு என்பார். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

உண்மையான வன்முறை என்றால் போர்ட் சயீத். 2012 பிப்ரவரி 1, எகிப்து. உள்ளூர் அணியான அல் மஸ்ரி 3-1 என்று ஜெயித்த பிறகுதான் அதன் ஆட்கள் அல் அஹ்லி ரசிகர்கள் மேல் பாய்ந்தார்கள், 70க்கு மேல் உயிர் போனது. போலீஸ் தடுக்காமல் நின்றதும், வெளியேறும் வாசல் பூட்டியிருந்ததும் அங்கேயும் உண்டு. 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்திலும் அப்படித்தான். லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்து, பயந்து ஓடியவர்கள் மேல் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். 14 லிவர்பூல் ரசிகர்களுக்குத் தண்டனை கிடைத்தது, இடிந்து விழுகிற நிலையில் இருந்த மைதானத்தில் இறுதி ஆட்டத்தை வைத்ததும் தவறுதான். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் 16 பேர் போனார்கள், இரண்டு அணிகளின் ரசிகர்களையும் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். கல் எறிந்தவனையும் கேளுங்கள், வாசலைப் பூட்டியவனையும் கேளுங்கள். ஒருவனைக் காட்டி இன்னொருவனை மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

* * *

ரசிகர்கள் என்று எல்லோரையும் மொத்தமாக ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்று சகோதரி சொன்னதற்கு ஒரு உதாரணம். அர்ஜென்டினாவில் 2013இல் ஆட்டம் பார்க்கப் போன லானுஸ் ரசிகர் ஒருவர் போலீஸின் ரப்பர் தோட்டா பட்டு இறந்தார். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியூர் அணியின் ரசிகர்கள் மைதானத்துக்கு வரவே கூடாது என்று தடை போட்டார்கள். சுட்டது போலீஸ், வீட்டில் உட்கார வேண்டியவர்கள் ரசிகர்கள்.

2022 மே 28 பாரிஸில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தள்ளிப்போகிறது என்று திரையில் போட்டார்கள், நானும் நம்பினேன். அங்கே போயிருந்த நண்பனுக்கு மெசேஜ் போட்டால், ஆட்டத்துக்கு மணிக்கணக்கில் முன்னாலிருந்தே வாசலில் நின்றோம், கண்ணீர்ப்புகை அடிக்கிறார்கள் என்று பதில் வருகிறது. 30,000 முதல் 40,000 பேர் போலி டிக்கெட்டோடும் டிக்கெட் இல்லாமலும் வந்தார்கள் என்று பிரெஞ்சு உள்துறை அமைச்சர் சொன்னார். அந்தக் கணக்கு பிறகு எடுபடவில்லை. முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபாவுடையது என்று அவர்களே அமைத்த குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. ஹில்ஸ்பரோவில் உயிர் தப்பியவர்கள் சிலரும் அந்தப் பாரிஸ் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் பேசத் தோன்றவில்லை.

* * *

டெஸ்க்கில் இருந்தவன் மறுபடியும். தனியாக இரண்டு பேர், எங்களிடம் காணொளி இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த நேரம், எந்த வாசல், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். வாசலில் கிழித்துத் தந்த டிக்கெட்டின் மிச்சத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் டிக்கெட்டோடு வந்தவர் என்பதற்கு அதுதான் சாட்சி. கிரைம் நிருபருக்கு அனுப்புவதைவிட அந்தப் பத்திரிகையின் விளையாட்டு நிருபருக்கு அனுப்புங்கள், எந்த வாசல் எங்கே என்று அவருக்குப் புரியும். முதல் நாளே அனுப்புங்கள்.