அனஸ்தீசியோலஜிஸ்ட் அசிஸ்டன்ட் முடிக்கிற பிள்ளை: தாதிமார் போட்டிக்குள்ள வேலை எடுக்கிறது எப்பிடி?

கொக்குவில்வாசி:
வணக்கம். தங்கச்சியின்ர மகள் ஒகையோவில அனஸ்தீசியோலஜிஸ்ட் அசிஸ்டன்ட் (ஏஏ, மயக்க மருந்து நிபுணருக்குக் கீழ நிண்டு மயக்க மருந்து குடுக்கிறவை) மாஸ்டர்ஸ் வாற வருசம் முடிக்கிறா. அமெரிக்கப் பிரஜை, வீசாப் பிரச்சினை இல்லை. மயக்க மருந்து குடுக்கிற தாதிமார், சீஆர்என்ஏ எண்டவை, இவையளை உள்ள விடமாட்டினம் எண்டு கூடப் படிக்கிறவை வெருட்டுகினமாம். எந்த மாநிலத்துக்குப் போடலாம்? நேர்முகத் தேர்வில என்ன கேக்க வேணும்? ஒண்டும் சரிவராட்டி யாழ் போதனா வைத்தியசாலைக்கு வந்து செய்யலாமோ? விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சோடாலைம்:
கடைசிக் கேள்வியை முதல்ல முடிப்பம். இஞ்ச செய்யேலாது. இலங்கையில மயக்க மருந்து குடுக்கிறது வைத்தியரின்ர வேலை. இந்தப் பட்டத்துக்கு ஆளணியில பதவியே இல்லை.

போட்டி எண்டுறது உண்மைதான். தாதிமாரின்ர சங்கம் மாநிலச் சட்டசபைகளில ஏஏ சட்டங்களை எதிர்க்குது, வைத்தியர்மாரின்ர சங்கம் ஆதரிக்குது. ஆனா வேலை கிடைக்கிறதும் கிடைக்காததும் பொறாமையில இல்லை, பில்லில இருக்கு. மெடிக்கெயர் எண்ட அரச காப்புறுதியின்ர விதிப்படி ஒரு மயக்க மருந்து நிபுணர் ஒரே நேரத்தில 4 ஒப்பரேஷன் அறை வரைக்கும் மேற்பார்வை, அதாவது மெடிக்கல் டைரக்‌ஷன் செய்யலாம். காசு நிபுணருக்குப் பாதி, அறையில நிக்கிறவருக்குப் பாதி. நிக்கிறது சீஆர்என்ஏயோ ஏஏயோ, கணக்கு ஒண்டுதான். ஆனா சீஆர்என்ஏ அந்த டைரக்‌ஷன் இல்லாமலும் கியூ-இசட் எண்ட குறியீட்டில முழுக்காசுக்கும் பில் போடலாம். ஏஏக்கு அந்த வழி அடைப்பு.

இப்ப 12 அறை, 2 நிபுணர் உள்ள இடத்தைப் பாருங்கோ. ரெண்டு பேரும் 8 அறைதான் பார்க்கலாம், மிச்சம் நாலும் கியூ-இசட். அங்க ஒரு ஏஏயை எடுத்தா அந்த நாலு அறையில நிப்பாட்டேலாது, ரோஸ்டர் போடுறவருக்குத் தலையிடி. அதால "சீஆர்என்ஏ அல்லது ஏஏ" எண்டு விளம்பரம் போட்டிட்டு ஏஏயைக் கூப்பிடாமலே விடுவினம். பிள்ளை தன்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைப்பா. கேக்க வேண்டியது: நாளுக்கு எத்தனை அறை, எத்தனை நிபுணர், இரவில நிபுணர் ஆஸ்பத்திரிக்குள்ளயோ வீட்டிலயோ. வீட்டில எண்டா இரவு டியூட்டியும் அதுக்கான காசும் இவவுக்கு வராது.

மாநிலம்: கலிபோர்னியா, நியூயோர்க் பக்கம் பார்க்க வேண்டாம். ஒகையோவும் ஜோர்ஜியாவும் 1969இல இந்தப் படிப்புத் தொடங்கின இடங்கள், ஆஸ்பத்திரிகளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. டெக்சாசில தனி அனுமதிப்பத்திரம் இல்லை, வைத்தியர் ஒப்படைக்கிற வேலையாச் செய்யலாம். வாஷிங்டன் 2024இல சட்டம் போட்டது. ஆனா சட்டம் வந்த கையோட வேலை வராது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன்ர உள்விதிகளில ஏஏ எண்ட சொல்லைச் சேர்க்க வேணும். முதல் ஆளாப் போறது நல்ல பிழைப்பில்லை.

மூண்டாம்அறை:
மேல சொன்னது சரி. நான் ஒப்பந்தப் பக்கம் சேர்க்கிறன். ஏஏமாருக்கான என்சிசிஏஏ தகுதிச் சோதினை, மாநில அனுமதிப்பத்திரம், ஆஸ்பத்திரி தகுதிகளைச் சரிபார்க்கிற கிரெடென்ஷியலிங் எண்டு வரிசையாப் போகும். கடைசியதுக்கே மூண்டு, நாலு மாசம் போகலாம். அதால கடைசி செமஸ்டரிலயே விண்ணப்பிக்க வேணும். கையெழுத்து வைக்க முதல் பிரிவிலேஜ் படிவத்தைக் கேட்டு வாங்குங்கோ. ஸ்பைனல், எபிடியூரல், ஆர்ட்டீரியல் லைன், நேர்வ் புளொக் எது எதுக்கு ஏஏக்கு அனுமதி எண்டு அதிலதான் இருக்கும். சம்பளம் ஒண்டா இருந்தும் புளொக் எல்லாம் சீஆர்என்ஏ பக்கம் போனா மூண்டு வருசத்தில கை மறந்திடும். தொழில் பிழைக்கான காப்புறுதி கிளெய்ம்ஸ்-மேட் வகை (காப்புறுதி இருக்கேக்க வாற வழக்குக்கு மட்டும்) எண்டா, விலகின பிறகு வாற வழக்குக்கான டெயில் காசு ஆர் கட்டுறது எண்டு எழுத்தில வேணும்.

அறைக்குள்ள வாற முறுகல் கூடுதலா ஒருத்தரிட்ட இருந்து மற்றவர் அறையைப் பொறுப்பெடுக்கேக்கதான். பின்னேரம் 3 மணிக்கு அறையை எடுக்கப் போனா "எல்லாம் ஓகே" எண்டு ரெண்டு சொல்லோட போறவை இருக்கினம். சண்டை பிடிக்க வேண்டாம், நாலு கேள்வி கேட்டாக் காணும்: ஏர்வே என்ன கிரேட் (குழாய் போடக் கஷ்டமோ), கடைசி ஒப்பியொயிட் வலிமருந்து எத்தினை மணிக்கு, ட்விச் (தசைத் தளர்வு அளவு) எத்தினை, செஃபசோலின் எண்ட அன்ரிபயோட்டிக் 2 கிராம் எப்ப போனது. செஃபசோலின் நாலு மணித்தியாலத்தில திருப்பிக் குடுக்கிற மருந்து. மற்றவர் 11:10க்குக் குடுத்ததை நீங்கள் 3:10க்கு மறந்தா, பேர் உங்கடதுதான் கெடும். மயக்கம் தொடங்கிற இண்டக்‌ஷனுக்கு நிபுணர் நிண்ட நேரத்தையும் சார்ட்டில உடனயே பதியச் சொல்லுங்கோ. அது விடுபட்டா டைரக்‌ஷன் பில் நிக்காது.

குரொய்டன்_தம்பி:
லண்டனை யோசிக்கிறவைக்கு: இஞ்ச பேர் அனஸ்தீசியா அசோசியேட், முறுகல் தாதிமாரோட இல்லை, பயிற்சி டொக்டர்மாரோட. 2023 ஒக்டோபரில மயக்க மருந்து வைத்தியர்மாரின்ர ரோயல் கொலேஜ் உறுப்பினர்கள் ஆள் சேர்க்கிறதை நிப்பாட்டச் சொல்லி வாக்களிச்சவை. 2024 டிசம்பரில ஜிஎம்சி எண்ட மருத்துவ சபையின்ர பதிவு தொடங்கினது. 2025 ஜூலையில இந்த வேலைகளை ஆராய்ஞ்சு வந்த லெங் அறிக்கை பேரையே மாத்தச் சொன்னது. இப்ப பாதுகாப்பான தெரிவில்லை. கனடாவில இதே பேரில ஒரு வேலை இருக்கு, ஆனா அது சுவாச சிகிச்சையாளர், தாதிமார் மேல படிச்சுச் செய்யிறது.

கொக்குவில்வாசி:
நன்றி. டைரக்‌ஷன் உண்மையா நடக்குதோ எண்டு நேர்முகத்தில கேட்டா "ஓம்" எண்டுதானே சொல்லுவினம்?

சோடாலைம்:
சொல்லுவினம். அதால ஒரு நாள் கூட நிண்டு பார்க்க அனுமதி கேக்கச் சொல்லுங்கோ. காலமை 6:30க்கு ரோஸ்டர் போர்டுக்கு முன்னால நிக்கட்டும். ஒவ்வொரு அறைக்கு நேரயும் நிபுணரின்ர பேர் இருக்கும். ஒரே பேர் ஐஞ்சு அறைக்கு நேர இருந்தா, அந்த ஐஞ்சாவது அறையில ஆர் நிக்கிறது எண்டு கேக்கட்டும்.