மறு: சிறுவர் கலைக்களஞ்சியம் – ‘ரிலேட்டிவ் டிப்ரிவேஷன்’ தமிழில்?

> ‘சார்பு இழப்பு’ என்றே வைத்துவிடலாமே. ‘சார்பு’ பழகிய சொல்தானே.

ஐயா, ‘மக்கள் ஏன் ஆட்சியை எதிர்த்து எழுகிறார்கள்’ என்ற கட்டுரையைப் படிக்கப்போவது பத்து வயதுப் பிள்ளை. ‘இழப்பு’ என்றதும் கையில் இருந்த எதையோ தொலைத்துவிட்டார்கள் என்றுதான் அது நினைக்கும். இங்கே சிக்கல் வேறு: பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தனக்கு வரவேண்டியது வரவில்லை என்ற உணர்வுதான் ‘ரிலேட்டிவ் டிப்ரிவேஷன்’.

இங்கிலாந்தில் 1381இல் எழுந்த உழவர்களைப் பாருங்கள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கூலி உயர வேண்டிய நேரம். ஆனால் பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1351இல் சட்டம் வந்தது. போதாக்குறைக்கு, எழுச்சிக்கு முந்தைய நான்கே ஆண்டுகளில் மூன்றாவது தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி). வறுமை மட்டுமே காரணம் என்றால் அவர்களுடைய பாட்டன்மார் அல்லவா முதலில் எழுந்திருக்க வேண்டும்? பேரன்மார் ஓரளவு நன்றாக வாழ்ந்தார்கள். இன்னும் நன்றாக வாழ முடியும் என்பதையும், அதை யார் தடுக்கிறார்கள் என்பதையும் கண்டார்கள்.

இந்தக் கருத்தே படைவீரர்களிடமிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஆய்வு ஒன்று, 1949இல் வெளிவந்தது. ராணுவப் போலீஸ் பிரிவில் பதவி உயர்வு அரிது, விமானப் பிரிவில் தாராளம். ஆனால் பதவி உயர்வு பற்றி அதிகம் குறைபட்டுக்கொண்டவர்கள் விமானப் பிரிவினரே! பக்கத்தில் இருந்தவன் உயர்ந்துவிட்டானே.

குறைபட்டுக்கொண்டார்கள் என்று எழுதும்போதுதான் சொல் கிடைத்தது: குறை. இல்லாமையும் அதுவே, முறையீடும் அதுவே. ‘இழப்பு’க்கு இந்த இரட்டைப் பொருள் இல்லை. ஆகவே ‘ஒப்பீட்டுக்குறை’ என்று முன்மொழிகிறேன். (‘ஒப்புக்குறை’ என்று சுருக்கிப் பார்த்தேன்; ஒப்புக்குச் சொல்லும் குறைபோல ஒலிக்கிறது. வேண்டாம்.)

> பிள்ளைகளுக்குப் ‘பொறாமை’ என்றால் எளிதில் புரியுமே?

புரியும், தவறாக. சொல்லைப் பிரித்தால் ‘பொறுக்காமை’தான், ஆனால் வழக்கில் பழி முழுவதும் இல்லாதவன் தலையில் விழுகிறது. அது ஆள்பவரின் சொல். 1857ஐச் ‘சிப்பாய்க் கலகம்’ என்றவர்களும் உண்டு, ‘முதல் சுதந்திரப் போர்’ என்றவர்களும் உண்டு. சொல்லே கட்சி சேர்ந்துவிடுகிறது.

ஒன்று விடுபடக் கூடாது. குறை உள்ளவர் எல்லாரும் எழுந்துவிடுவதில்லை. ‘எனக்கு மட்டுமல்ல, உனக்கும்தான்’ என்று நாலுபேர் பேசிக்கொள்ள வேண்டும். எழுந்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும் வேண்டும். கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி தேவை.

தலைப்பில் ‘கிளர்ச்சி’யா ‘எழுச்சி’யா என்ற சண்டையைத் தனி இழைக்குக் கொண்டுபோவோம்.