வாடைக் காலத்தில் எட்டு வீட்டுக்கு உதவி: எதை, எப்ப குடுக்கிறது?

உவர்மலை ஒழுங்கை
திருகோணமலையில எங்கட ஒழுங்கையில ஆறு வீடு சேர்ந்து நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் எண்டு கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறம். குச்சவெளிப் பக்கம் கடற்றொழில் செய்யிற அஞ்சு குடும்பம், தம்பலகாமத்தில வயல் கூலிக்குப் போற மூண்டு குடும்பம் எங்களுக்குத் தெரிஞ்சவை. எல்லாரும் வேலைக்குப் போறதால சனி, ஞாயிறுதான் நேரம் கிடைக்கும். உலர் உணவுப் பொதி போதுமா, வேற ஏதும் நல்லதா? அளவோட சொல்லுங்க.

சல்லிக்கரை
தங்கச்சி, முதல்ல நாளை மாத்துங்க. பொதியெல்லாம் டிசம்பர் 24, 25இலதான் குவியும். கடல் அதுக்குப் பிறகும் அடிக்கும், சின்னப் போட்டுகள் இறங்காது. தம்பலகாமத்தில பெரும்போகம் விதைச்சு முடிஞ்சுது, அறுவடை மாசி, பங்குனியில. நடுவில கூலி குறைவு. ஜனவரி முதல் ரெண்டு கிழமைதான் அடுப்பு எரியாத நாள். அப்ப குடுங்க.

நாலு பேருள்ள வீட்டுக்கு ஒரு கிழமைக்கு அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, தேங்காயெண்ணெய் 750 மில்லி, சீனி 1 கிலோ, தேயிலை 200 கிராம், உப்பு 400 கிராம், நெத்தலிக் கருவாடு 250 கிராம். நெருப்புப்பெட்டியும் மெழுகுதிரியும் கட்டாயம். பருப்பு மைசூர்ப் பருப்பாவே இருக்கட்டும். கடலை ராவெல்லாம் ஊறி, பிறகு மணித்தியாலக் கணக்கில வேகவேணும். மழையில விறகு நனைஞ்ச வீட்டில அது நடக்காது. ரெண்டு பைக்கற் பிஸ்கற்றும் ஒரு பைக்கற் பேரீச்சம்பழமும் வையுங்க, சமைக்க ஏலாத நாளுக்கு.

அரிசியை அஞ்சு அஞ்சு கிலோவா ரெண்டு பையில கட்டுங்க. பத்துக் கிலோப் பை மழையில தூக்கேக்க அடி கிழிஞ்சிடும், வயசானவங்களால தூக்கவும் ஏலாது. சவர்க்காரமும் குடுக்கிறதெண்டா அதை வேற பையில போடுங்க. ஒண்டாப் போட்டா ரெண்டு நாளில சோறு சவர்க்காரம் மணக்கும், தேயிலை இன்னும் மோசம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு எண்டு பால்மா குடுக்காதீங்க. வெள்ளத் தண்ணியில கரைச்சுக் குடுத்தா வயித்தோட்டம்தான் வரும். பால் குடுக்கிற தாய்க்குச் சாப்பாட்டைக் கூட்டிக் குடுங்க.

பொதியை விட நல்ல வழி ஒண்டும் இருக்கு. அந்தக் குடும்பம் சாமான் எடுக்கிற சின்னக் கடையில கடன் கொப்பி இருக்கும். கொப்பி நிரம்பினா கடைக்காரர் கை மடக்கிடுவார். வீட்டுக்காரரிட்ட கேட்டுட்டு, அந்தக் கடனில ஒரு பகுதியைக் கட்டுங்க. கட்டின தொகையையும் திகதியையும் அதே கொப்பியில எழுதி, கடைக்காரரிட்ட கையெழுத்தும் வாங்குங்க. நாளைக்கே அவங்களுக்குக் கடன் திரும்பத் திறக்கும். ஆருக்கும் முன்னால கை நீட்டவும் தேவையில்லை. படம் எடுத்துப் போடாதீங்க, தயவு செய்து.

கிண்ணியா நானா
குச்சவெளிப் பக்கம் கிணத்துக்குள்ள வெள்ளம் போயிருந்தா சாமானை விடக் கிணறு முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பம்பால கலங்கல் தண்ணியை இறைச்சு, சேத்தை அள்ளிப் போட்டு, திரும்ப ஊறித் தெளிய விடுங்க. கட்டு இடியிற மணல் கிணறெண்டா ஒரேயடியா இறைக்காதீங்க, விட்டு விட்டு இறையுங்க.

பிறகு குளோரின் தூள் (பிளீச்சிங் பவுடர்). 1,000 லீற்றருக்கு 2.5 கிராம், தூள் புதுசா இருந்தா. தண்ணியின் அளவு: விட்டம் × விட்டம் × ஆழம் × 0.785, எல்லாம் மீற்றரில. வாற கணக்கை ஆயிரத்தால பெருக்கினா லீற்றர். 1.5 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணி எண்டா ஏறத்தாழ 3,500 லீற்றர், 9 கிராம் போதும். வெள்ளம் ஏறின கிணத்துக்கு அளவு கூடலாம். அதை உங்கட பகுதி பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுப் போடுங்க.

தூளை அப்படியே கொட்டினா சுண்ணாம்பு அடியில படியும். வாளியில கொஞ்சத் தண்ணி விட்டுக் களியாக் கரைச்சு, முக்கால் வாளி நிரப்பி, பத்து நிமிசம் அடைய விடுங்க. மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணியை மட்டும் வேற வாளிக்கு ஊத்தி, கிணத்துக்குள்ள அமிழ்த்தி ஆட்டுங்க. பின்னேரம் போட்டா விடியத் தண்ணி அள்ளலாம்.

உவர்மலை ஒழுங்கை
நன்றி அண்ணா, நானா. கொப்பிக் கடன் யோசனை எங்களுக்கு வரவேயில்லை. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கலாமெண்டும் ஒரு கதை இருக்கு. அளவு எப்பிடி எடுக்கிறது?

மூன்றாம் தவணை
தங்கச்சி, பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் குடுக்குது. குறையிறது தையற்கூலி, சப்பாத்து, பை, கொப்பி. கொப்பிக்கு வகுப்பாசிரியரிட்ட பட்டியல் கேளுங்க. கணக்குக்குச் சதுரறூள் வேணுமெண்டிருக்க நீங்க இருபது ஒற்றைறூள் வாங்கிக் குடுத்தா அது அலுமாரியிலதான் கிடக்கும்.

சப்பாத்துக்கு இலக்கம் கேட்டு வாங்காதீங்க, ஒரு கம்பனியின் 3 இன்னொரு கம்பனியில 3 இல்லை. பின்னேரம் பிள்ளையை, குதிக்கால் சுவரில முட்ட, கடதாசியில நிப்பாட்டுங்க. நீண்ட விரல் நுனியில கோடு போடுங்க. ரெண்டு காலிலயும் நீளமானதை எடுத்து 1 சென்ரிமீற்றர் கூட்டி, அந்த நீளத்துக்கு மட்டையில ஒரு துண்டு வெட்டுங்க. பிள்ளையின் பேரை மட்டையிலயே எழுதுங்க. கடையில மட்டையைச் சப்பாத்துக்குள்ள விட்டுப் பாருங்க. வளைஞ்சா சின்னன், நுனியில இடம் மிச்சமிருந்தா பெரிசு. வெள்ளையா கறுப்பா எண்டு பாடசாலையிட்ட கேட்டுட்டுப் போங்க.

கோணேசர் வீதி
காசே தேவையில்லாத ஒண்டு: இரத்தம். விடுமுறையில குடுக்கிற ஆக்கள் குறைவு, மழைக்கு டெங்கும் கூடும். டெங்கு கடுமையான சிலருக்கு ஏத்துற இரத்தச் சிறுதட்டுகளை (பிளேற்லெற்) அஞ்சு நாளுக்கு மேல வைக்க ஏலாது. 18 வயசு தாண்டி, 50 கிலோவுக்கு மேல நிறையிருந்து, கடைசியாக் குடுத்து நாலு மாசம் போயிருந்தா உங்கட ஆறு வீட்டு ஆக்களும் பொது ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போகலாம். எல்லாரும் ஒரே நாள் போகாமல் கிழமைக்கு ரெண்டு பேராப் போங்க. சாப்பிட்டு, ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்க.