தெலக்ரோவாவின் கீழைத்தேயம்: 1832ஆம் ஆண்டுப் பயணம் எதை மாற்றியது?

கும்பகோணம் மாணவி:
வணக்கம். நான் ஓவியம் பயில்கிறேன். பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ரோவா 1832இல் மொராக்கோ சென்று வந்த பிறகே கீழைத்தேய ஓவியத்தின், அதாவது வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகியவற்றின் வாழ்வைக் காட்டும் ஓவியத்தின், பக்கம் திரும்பினார் என்று வகுப்பில் குறிப்பெடுத்தேன். ஆனால் அசீரிய அரசன் ஒருவனைப் பற்றிய அவருடைய ‘சார்தனபாலஸின் மரணம்’ 1827ஆம் ஆண்டிலேயே வரையப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்தப் பயணம் எதை மாற்றியது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தஞ்சாவூர் வாசகர்:
உங்கள் ஐயம் நியாயமானது. சார்தனபாலஸை வரைந்தபோது அவர் கிழக்கு நாடு எதையும் கண்டதில்லை. நண்பர் சேகரித்து வைத்திருந்த உடைகளும் படித்த நூல்களுமே அவருக்குத் துணை. 1832இல் மொராக்கோ சுல்தானிடம் சென்ற பிரெஞ்சுத் தூதுக்குழுவுடன் போனவர், குறிப்பேடுகளில் சிறு நீர்வண்ணப் படங்களை வரைந்து, பக்கத்திலேயே நிறங்களின் பெயர்களையும் எழுதிவைத்தார். திரும்பும் வழியில் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரிலும் ஒரு வீட்டுப் பெண்களைக் கண்டு வரைந்தார். லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ (1834) ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரையில் கழற்றிக் கிடக்கும் காலணியும், ஓடு பதித்த சுவரும், திரும்பிப் பார்த்தபடி நகரும் பணிப்பெண்ணும் கண்ணால் கண்டவர் வரைந்தவை என்பது விளங்கும். நிழலிலும் நிறம் உண்டு என்பதை அவர் அங்கேதான் உறுதியாகக் கண்டுகொண்டார் என்பது என் கருத்து.

திருவையாறு வாசகர்:
தஞ்சை அன்பரின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். 1830இல் பிரான்சு அல்ஜியர்ஸைக் கைப்பற்றியிராவிட்டால் அந்த வீட்டின் உள்ளறை வரை அவர் சென்றிருக்க முடியாது. மேலும், அங்கே வரைந்த சில படங்களில் முனி, ஸொஹ்ரா என்று அப்பெண்களின் பெயர்களை அவரே எழுதியிருக்கிறார். பாரிசில் முடித்த பெரிய ஓவியத்திலோ அவர்கள் வெறும் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஆகிவிட்டார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மறைந்ததும் அதே 1832இல்தான். அக்காலத்தில் நம் தஞ்சை ஓவியர்களும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக, இன்ன சாதி, இன்ன தொழில் என்று கணவன் மனைவியரை இணை இணையாக வரைந்து கொடுத்தார்கள். அவற்றிலும் தொழிலின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இராது.

கும்பகோணம் மாணவி:
இருவருக்கும் நன்றி. சென்ற வாரம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை வரைந்தேன். கொழுந்தின் பச்சையையும் சேலையின் அரக்கு நிறத்தையும் ஓரத்தில் குறித்துவைத்த நான், அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. நாளைக் காலை அங்கே போகிறேன்.