புல்லு சாகல, மருந்து அடிச்சு 10 நாள் ஆச்சு

கடைமடை_சம்பா:
நெல்லு வயல்ல களைக்கொல்லி அடிச்சு 10 நாள் ஆச்சு. பாதிப் புல்லு பச்சையா நிக்குது, பயிரை விட உசரம். அதையே மறுபடி அடிக்கலாமா? களை எடுக்க ஆள் கிடைக்கல. சீக்கிரம் சொல்லுங்க.

மடையான்:
என்ன மருந்து? நடவா, விதைப்பா? எத்தனை நாள் பயிர்? அடிக்கும்போது தண்ணி நின்னுச்சா?

வரப்புநண்டு:
கடையில டூப்ளிகேட் தள்ளியிருப்பாங்க. பேட்ச் நம்பர் பாருங்க. பில் வாங்கினீங்களா?

கடைமடை_சம்பா:
பிஸ்பைரிபேக். திருத்துறைப்பூண்டி பக்கம். புழுதி விதைப்பு, சி.ஆர். 1009 நெல் ரகம், இன்னிக்கு 32 நாள். 5 மாவுக்கு 100 மில்லி, 6 டேங்க். தண்ணி நிக்கல, ஈரம்தான்.

நெல்லறிவு:
வருசா வருசம் இதே கேள்வி. லேபிளைப் படிக்கறவங்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. 10 எஸ்.சி., அதாவது 10 சதவீத மருந்து, ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. 3 மா ஒரு ஏக்கர்னா நீங்க போட்டது ஏக்கருக்கு 60. தண்ணி ஏக்கருக்கு 120 முதல் 200 லிட்டர் வேணும். 16 லிட்டர் டேங்க்ல 6ன்னா மொத்தமே 96. கேட்க வேற என்ன இருக்கு?

ஆரைக்கீரை:
டோஸ் குறைவுதான் சார். ஆனா அது மட்டும் காரணம்னா எல்லாக் களையும் ஒண்ணா தப்பிச்சிருக்கணும். பாதிதானே நிக்குதுங்கறார்?
தம்பி, நிக்கிற புல்லுல ஒண்ணைப் பிடுங்கி, இலை தண்டோட சேர்ற இடத்தைப் பாருங்க. நெல்லுல அங்க நீளமா வெள்ளைச் சவ்வு இருக்கும். குதிரைவாலிப் புல்லுல சவ்வே இருக்காது. சவ்வு குட்டையா, நுனி முடிமுடியா கிழிஞ்சிருந்தா லெப்டோகுளோவா, அது வேற ஒரு புல்லுக் களை.

உழவுமாடு:
ஏங்க இந்த விஷம்? 25க்கு 25 செ.மீ. நட்டு, 10ஆம் நாள்லேர்ந்து பத்து நாளைக்கு ஒருக்கா வரிசைக்கு நடுவுல கோனோவீடர் (கையால தள்ளுற களைக்கருவி) ஓட்டினா களையும் போகும், வேருக்குக் காத்தும் கிடைக்கும்.

வரப்புநண்டு:
கைவிதைப்புல வரிசை ஏது? பயிரையே மிதிச்சுத் தள்ளிடும்.

உழவுமாடு:
டிரம் சீடர்ல (உருட்டி விதைக்கிற கருவி) போட்டா 20 செ.மீ. வரிசை வருமே.

மடையான்:
அது சேத்துல முளைகட்டின விதைக்குண்ணே. கடைமடையில தண்ணி வர்றதுக்கு முன்னாடியே புழுதியில விதைச்சுடறோம், அங்க டிரம் எப்படி உருளும்? டிராக்டர் விதைப்புக் கருவின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

உழவுமாடு:
சரி, அதுல போடுங்க. வரிசைதான் வேணும்.

கடைமடை_சம்பா:
பார்த்தேன். சின்னச் சவ்வு, முடிமுடியா இருக்கு. குதிரைவாலி மஞ்சளாகி செத்துடுச்சு.

ஆரைக்கீரை:
அப்ப லெப்டோகுளோவாதான். பிஸ்பைரிபேக் இதைப் பிடிக்காது, டோஸ் ஏத்தினாலும் வீண். அதையே மறுபடி அடிக்காதீங்க.
இதுக்குச் சைஹலோஃபாப் பியூட்டைல் 10 ஈ.சி. (10 சதவீதக் களைக்கொல்லி), ஏக்கருக்கு 300 முதல் 320 மில்லி. 5 மா முழுசுக்கும்னா 500 மில்லிக்கு மேல. ஆனா அது 2–4 இலைப் புல்லுக்கான மருந்து. தூர் கட்டினது வாடும், அப்புறம் தழைச்சுக்கும். அதனால பின்னாடி முளைச்ச சின்னப் புல்லு இருக்கிற திட்டுல மட்டும் அடிங்க. பெருசைக் கையால பிடுங்கணும், மெல்லிசா செவ்வூதாக் கதிர் தலைகாட்டறதுக்குள்ள. விதை பொடிப்பொடியா, ஏராளமா கொட்டும்.
தட்டை விசிறி நாசில் போடுங்க. தண்ணி வடிச்சு அடிச்சு, 2–3 நாள்ல மறுபடி கட்டுங்க. நிக்கிற தண்ணியில இது முளைக்காது. மேட்டுத் திட்டுலதான் அதிகமா இருக்கும், பாருங்க. அடுத்த வருசம் முதல்ல வயலைச் சமன் பண்ணுங்க. பென்டிமெத்தலின் 30 ஈ.சி. களைக்கொல்லி ஏக்கருக்கு 1.3 லிட்டர், விதைச்சு மண் நனைஞ்சதும், களை முளைக்கும் முன்னாடி அடிங்க.

நெல்லறிவு:
கூடவே 2,4-டி களைக்கொல்லி கலந்தா அகல இலைக் களையும் ஒரே வேலையில போகும்.

ஆரைக்கீரை:
கூடாது சார். 2,4-டி சேர்ந்தா சைஹலோஃபாப் புல்லைப் பிடிக்கிற வேகம் குறையும். ஒரு வாரமாவது இடைவெளி வேணும். பக்கத்துல பருத்தி இருந்தா 2,4-டி பேச்சே வேண்டாம், காத்துல போற சாரலுக்கே இலை சுருண்டுடும்.

நெல்லறிவு:
நான் சொன்னது பொதுவா.

கடைமடை_சம்பா:
மேட்டுப் பக்கம் அடிச்சாச்சு. பெருசைப் பிடுங்கறோம். நன்றி.

மடையான்:
தம்பி, இந்த மருந்துக்குப் புல்லு உடனே கருகாது. வளர்ச்சி நின்னு, மஞ்சளாகி, சாக 2–3 வாரம் ஆகும். நாலு நாள்ல பச்சையா இருக்கேன்னு இன்னொரு பாட்டில் வாங்கிடாதீங்க.