மாசியில குல்மார்க்: போயிட்டு வந்தவங்க சித்த சொல்லுங்க

வணக்கமுங்க. மாசி பொறந்தா திருப்பூர்ல வெயில் மண்டையப் பொளக்க ஆரம்பிச்சிரும். பிப்ரவரி கடைசியில குடும்பத்தோட காஷ்மீர்ல இருக்கற குல்மார்க் போலாம்னு இருக்கறோம்.

தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குல்மார்க்ல ஊரே ஏறக்குறைய அந்த உயரத்துல இருக்குது. கோண்டோலாங்கற கேபிள் காரு முதல் கட்டம் கொங்டூரி வரைக்கும், ரெண்டாவது அபர்வத் மலையில 3,900 மீட்டருக்கும் மேல. எங்கம்மாவுக்கு 68 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க. கொங்டூரியோட நிறுத்திக்கலாம்னா, "அத்தனை தூரம் வந்துட்டு பாதியில எறங்கறதா?"ங்கறாங்க. டாக்டர்கிட்டயும் கேக்கறோம். இருந்தாலும் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க, மேல மூச்சுத்திணறல் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?

பையனுக்கு ஸ்கீயிங் கத்துக்கணுமாம். புதுசா பழகறவங்களுக்கு ரெண்டு நாள் போதுங்களா? பூட்ஸ், பனிக்கோட்டு வாடகைக்குக் கீழ அடிவாரத்துல தங்மார்க்லயே எடுக்கறதா, மேல போயா? தெர்மல் உள்ளாடைக்குக் கவலையில்லீங்க, ஊரே தைக்குது, போட்டுப் பாக்கத்தான் குளிரில்ல.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காதுன்னு போஸ்ட்பெய்டுக்கு மாத்தியாச்சு.

முக்கியமா ஒண்ணு: பரீட்சைக்காக மார்ச் நடுவுக்குத் தள்ளுனா, கீழ்ச்சரிவுல பனி மத்தியானத்துக்குள்ள கூழாயிருமாம், நெசமுங்களா? ஃப்ளைட் டிக்கெட் போடோணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.